அம்சவல்லி வைத்த பேர்கள்

கட்டைவிரல் நகத்தை மூடி ஓரத்தில் வைத்து, இடது கையால் டப்பாவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொள்கிறார் அம்சவல்லி. அரைச் சுற்றில் நகம் நிற்கிறது. "உதடு" என்கிறார். டப்பா இடப்பக்கத்துச் சிவப்புக் கூடைக்குப் போகிறது. அடுத்த டப்பாவில் நகம் எங்கும் தட்டாமல் ஓடுகிறது. அது வலப்பக்கம். அதற்கடுத்தது, "கோரப்பல்லு." இடப்பக்கம். நாலாவது டப்பாவைச் சுற்றவே இல்லை. கையில் எடுத்த எடுப்பிலேயே, "இது யாரு வூட்டுப் புள்ள, இப்புடி இடுப்பு கோணிக்கிட்டு வருது?" என்று கேட்டுவிட்டுக் கூடையில் போடுகிறார்.

கேட்பதற்குப் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பதில்லை. டப்பாவிடமே கேட்பார்.

தஞ்சாவூரில் நாஞ்சிக்கோட்டை சாலையிலிருந்து பிரிகிற தொழிற்பேட்டையில், குமுதவல்லி கன்டெய்னர்ஸ் என்ற தகர டப்பாத் தொழிற்சாலையின் பரிசோதனை மேசை அது. நெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் ஊறுகாய்க்கும் இங்கிருந்துதான் டப்பா போகிறது. அடிமூடியை இவர்களே பொருத்தி அனுப்புவார்கள். மேல்மூடி சரக்கு நிரப்புகிறவர்கள் பாடு. நிமிஷத்துக்கு நாற்பது டப்பா ஓடுகிற வரிசையில், பத்துக்கு ஒன்றைக் கையாலும் மிச்சம் ஒன்பதைக் கண்ணாலும் பார்ப்பது அம்சவல்லியின் வேலை. அந்த மேசைக்கு ஒரே ஒரு ஸ்டூல். பதினோரு வருஷமாக அதில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில்கூடத் தன் நீலக் கோட்டைக் கழற்றி அதன்மேல் போட்டுவிட்டுத்தான் எழுந்து போவார், பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி.

டப்பா எப்படி உருவாகிறது என்று அவரைக் கேட்டால் கல்யாணத்தில்தான் ஆரம்பிப்பார்.

"தகட்ட வெட்டி, சுருட்டி, ஓரத்துல வெல்டிங் வச்சா ஒடம்பு. இவன்தான் மாப்புள. வாய் ஓரத்த வெளிப்பக்கமா லேசா மடிச்சு உடுவாங்க பாருங்க, அது மாப்புள நீட்டுற கை. மூடி, பொண்ணு. அது ஓரமும் சுருண்டு இருக்கும், அது பொண்ணு கை. செல்லதொர அண்ணன் மிஷின்ல ரெண்டு உருளை. மொத உருளை பொண்ணு கையக் கொண்டாந்து மாப்புள கையில கோத்து உடும். ரெண்டாவது உருளை நல்லா அமுக்கும். பொண்ணு வூட்டுல மூணு மடிப்பு, மாப்புள வூட்டுல ரெண்டு மடிப்பு, ஆக அஞ்சு மடிப்பு. அது கெட்டியா இருந்தா துபாய்க்குப் போயி எறங்குனாலும் ஒரு சொட்டு வெளிய வராது."

தொழில் தெரிந்தவர்கள் இதை 'டபுள் ஸீம்' என்பார்கள். அம்சவல்லிக்கு இது 'கைப்பிடி'. கைப்பிடி சரியில்லாத டப்பாவுக்கு வருகிற வியாதிகள் ஏராளம். ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு பேர் வைத்திருக்கிறார். மூடியின் மடிப்பு ஓரிடத்தில் மட்டும் கீழே தொங்கினால் 'உதடு'. அதுவே கூராக இறங்கினால் 'கோரப்பல்லு'. மடிப்பின் மேல்விளிம்பு கையைக் கிழிக்கிற மாதிரி இருந்தால் 'அருவா'. மூடியின் சுருளுக்குள் கசிவு அடைக்கப் பூசுகிற ரப்பர் பசை 'சேறு'. சேறு பற்றாமல் பொட்டுத் துவாரம் விழுந்து டப்பா கசிந்தால் 'நண்டு வளை'. வரப்பில் நண்டு வளை வைத்து வயல் தண்ணீர் முழுக்கப் பக்கத்து வயலுக்கு ஓடிப்போவதை இருபது வயதுவரை நடவுக்குப் போன கால்களோடு பார்த்தவர். வேறு பேர் அவருக்குத் தோன்றியிருக்காது.

எல்லாவற்றிலும் மோசமானது 'போட்டோ கல்யாணம்'. பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. மூடி சேர்ந்தாற்போலத்தான் இருக்கும். ஆனால் உள்ளே இரண்டு மடிப்பும் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடிக்காமல், பக்கத்தில் பக்கத்தில் சும்மா படுத்திருக்கும். "போட்டோவுக்குச் சிரிச்சிக்கிட்டு நிப்பாங்க, கையக் கோத்திருக்க மாட்டாங்க. தண்ணியில அமுக்குனாலும் மொதல்ல காட்டாது. லாரியில ரெண்டு குலுக்கு குலுக்குனாத்தான் அவுந்துக்கும்" என்பார்.

முதல் தடவை சரியாக மடியாத டப்பாவை மறுபடி மிஷினில் விடுவதும் முன்பெல்லாம் இங்கே நடக்கும். அதற்குப் பேர் 'திருக்கடையூர்'. அறுபது வயதானவர்கள் அங்கே போய் மறுபடி தாலி கட்டிக்கொள்கிற மாதிரி. "அண்ணே, இந்த நாலையும் திருக்கடையூர் அனுப்பு" என்றால் மடிப்பு மிஷின்காரர் செல்லதுரை எடுத்து மறுபடி ஓட்டுவார். போன தை மாதம் முதலாளி ரவிசங்கர் தேநீர் இடைவேளையில் எல்லாரையும் கூப்பிட்டு, "நானும் வீட்டம்மாவும் திருக்கடையூர் போறோம். எல்லாரும் வரணும்" என்று மஞ்சள் தடவிய பத்திரிகையை நீட்டியபோது, வரிசையாக நின்ற பதினெட்டுப் பேரும் எதற்காக வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார்கள் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. மரியாதை என்று நினைத்துக்கொண்டார்.

அம்சவல்லி விளையாட்டுக்காகப் பேர் வைக்க ஆரம்பித்தவரல்ல. பேக்கிங்கில் ஆறு வருஷம் நின்று, முட்டி தேய்ந்து, மேசைக்கு மாற்றலாகி வந்த புதிதில் குறைகளுக்கு இங்கே நம்பர்தான். டிஃபெக்ட் ஒன்று, டிஃபெக்ட் இரண்டு என்று பதினாலுவரை. இவர் "ஆறு!" என்று கத்துவார். செல்லதுரை, "ஆறா, ஏழா?" என்று திரும்பக் கத்துவார். "ஆறுண்ணே!" "ஆறுன்னா எதும்மா?" இதற்குள் முப்பது டப்பா போயிருக்கும். "மிஷின் சத்தத்துல கத்துறதுக்கு ஒரு பேரு வேணும்ல? கேட்ட ஒடனே கை தானா பட்டனுக்குப் போவணும். நம்பரக் கேட்டா கை போவாது, மண்டதான் போவும்" என்பது அவர் கட்சி. முதலில் வைத்தது 'அருவா'. ஒரே நாளில் பழகிவிட்டது. செல்லதுரையின் விரல் அதில்தான் கிழிந்திருந்தது.

பேர்கள் தொழிற்சாலையோடு நின்றால் பரவாயில்லை. சாலியமங்கலத்துக்குப் பக்கத்தில் அவருடைய ஊரில், மளிகைக்கடைக்குப் போனால் வாங்க வந்ததை விட்டுவிட்டு அலமாரியில் இருக்கிற டப்பாக்களின் ஓரத்தைத் தடவ ஆரம்பித்துவிடுவார். "இத வாங்காத, உதடு" என்று பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் இலவச ஆலோசனை. கடைக்காரர் இவர் தலை தெரிந்தாலே, "அம்சா, என்ன வேணும்னு அங்கேருந்தே சொல்லு, நான் எடுத்தாரேன்" என்று குரல் கொடுப்பார். உறவுக்காரர் ஒருவர் கடன் கேட்டு வந்து உருக்கமாகப் பேசிவிட்டுப் போனதும், "சேறு நல்லாத்தான் பூசியிருக்கு" என்று அவர் சொன்னதை அந்த வீட்டில் யாரும் மறக்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் மாங்காய்த் தொக்கு வந்தது.

சென்னையிலிருந்து வெளிநாட்டுக்குத் தொக்கு ஏற்றுமதி செய்கிற நிறுவனம் ஒன்று மாதம் ஒரு லட்சம் டப்பா கேட்டது. கொடுப்பதற்கு முன்னால் அவர்களுடைய ஆடிட்டர், அதாவது தர ஆய்வாளர், வந்து பார்ப்பார், தரம் பார்க்கிறவர்களை நேரில் கேள்வி கேட்பார் என்றது. அதற்கு ஆயத்தம் செய்யத்தான் போன தையில், முதலாளி பத்திரிகை கொடுத்த அதே வாரம், புகழேந்தி தரக் கட்டுப்பாட்டு அதிகாரியாக வேலைக்கு வந்தார். மெக்கானிக்கல் பி.ஈ. பாபநாசம் பக்கத்துக் கிராமம். அவர்கள் தெருவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். வந்த முதல் வாரமே தரையெல்லாம் மஞ்சள் கோடு போட்டு, இதற்குள்தான் நடக்க வேண்டும் என்றார். இரண்டாவது வாரம் அம்சவல்லியின் நோட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"அக்கா, இது என்ன? 'உதடு 9, கோரப்பல்லு 4, போட்டோ கல்யாணம் 1'?"

"நேத்து காலையில ஓடுனது தம்பி. ஒண்ணே ஒண்ணுதான் போட்டோ கல்யாணம். அதுக்கே அண்ணன் மிஷின நிறுத்திட்டாரு."

"இத ஆடிட்டர் பாத்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?"

"கல்யாணக் கான்ட்ராக்ட் எடுக்குறோம்னு நெனப்பாங்க" என்றார் செல்லதுரை, மிஷினுக்குப் பின்னாலிருந்து.

புகழேந்தி சிரிக்கவில்லை. பழைய நோட்டைச் செய்தித்தாளில் சுற்றி அலுவலக பீரோவின் உச்சியில் ஏற்றினார். திருக்கடையூர் அன்றோடு நின்றது. ஒரு தடவை மடித்த டப்பாவை மறுபடி மடிக்கக் கூடாது என்பது விதி. அது அம்சவல்லிக்கும் நியாயமாகத்தான் பட்டது. புதிதாக ஒரு பதிவேடு வந்தது. மேசைக்கு எதிர்ச்சுவரில் பதினோரு சொற்கள் கொண்ட அட்டை ஒன்று தொங்கியது. ட்ரூப், வீ, ஷார்ப் ஸீம், ஃபால்ஸ் ஸீம், பாடி ஹுக், கவர் ஹுக், ஓவர்லாப் என்று நீண்டு, கவுன்டர்சிங்க் என்பதில் முடிந்தது.

முதலாளி அம்சவல்லியைத் தனியாகக் கூப்பிட்டார். "ஆடிட்டர் கேட்டா இந்தப் பதினோண்ணும் கடகடன்னு வரணும் அம்சா. வரலன்னா ஒண்ணாந் தேதிலேருந்து நீங்க பேக்கிங் போயிடுங்க, மேசைக்குப் படிச்ச பொண்ணா ஒண்ணப் போட்டுக்கறேன். எனக்கு வேற வழியில்ல."

பேக்கிங் என்றால் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். முட்டியை நினைத்துத்தான் கலங்கியிருப்பார் என்று செல்லதுரை ஆறுதல் சொல்ல வந்தார். "முட்டி கெடக்குதுண்ணே. தைலம் போட்டுக்கலாம்" என்றார் அம்சவல்லி. "அங்க நின்னா, கெட்ட டப்பா என் கண்ணு முன்னாலயே கட்டுக் கட்டாப் போவும். பாத்துக்கிட்டு அட்டப்பெட்டி ஒட்டிக்கிட்டு நிக்கணும். அதுதான் முடியாது."

ஆகவே படித்தார். காலை ஏழேகால் பஸ்ஸில் சாலியமங்கலத்திலிருந்து தஞ்சாவூர் வரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து உதடு அசைத்துக்கொண்டே வருவார். பக்கத்து சீட்டுப் பெண்மணி ஸ்லோகம் என்று நினைத்து, "எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?" என்று கேட்டார். "டபுள் ஸீமுக்கு" என்றார் இவர். ஒவ்வொரு சொல்லையும் வீட்டுக்கு வந்த தூரத்து உறவினரைப் பார்ப்பதுபோலச் சந்தேகத்தோடு பார்த்து, பிறகு உட்காரச் சொல்லி, பிறகு சாப்பாடு போட்டார்.

"ஓவர்லாப்புன்னா என்னக்கா?" என்று புகழேந்தி கேள்வி கேட்பார்.

"ரெண்டு கையும் ஒண்ணு மேல ஒண்ணு எவ்ளோ ஏறியிருக்குங்கறது."

"கைன்னு சொல்லக் கூடாது."

"சரி. ரெண்டு ஹுக்கும் ஒண்ணு மேல ஒண்ணு எவ்ளோ ஏறியிருக்குங்கறது. ஏன் தம்பி, கைன்னா டப்பா கோவிச்சுக்குமா?"

"ஆடிட்டர் கோவிச்சுப்பாங்க."

மூன்றாவது வாரக் கடைசியில் பதினொன்றும் வந்துவிட்டது. வரிசையாகக் கேட்டாலும் வரும், குறுக்கே கேட்டாலும் வரும். புகழேந்திக்குப் பெருமை தாங்கவில்லை. தான் படித்து முதல் வகுப்பு வாங்கியபோதுகூட அவ்வளவு மகிழ்ந்திருக்க மாட்டார். கேள்வி கேட்கப்படப்போகிறவர் அம்சவல்லி ஒருவர்தான் என்பதால் பாடமும் அவர் ஒருவருக்குத்தான் நடந்தது. வேறு யாருக்கும் நடத்த வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, அம்சவல்லிக்கும் தோன்றவில்லை.

ஆய்வாளர் சஃபியா ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தார். ஐம்பதை நெருங்குகிற வயது. தன் அளவுக் கருவிகளைத் தானே ஒரு சின்னப் பெட்டியில் கொண்டுவந்திருந்தார். தரை பளபளத்தது. எல்லாருடைய தலையிலும் வலைத்தொப்பி. அம்சவல்லி புதிதாகத் துவைத்த நீலக் கோட்டில், ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தார். முதலாளி கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

"இது என்ன?" சஃபியா வெட்டிப் பிரித்த ஒரு மடிப்பைக் காட்டிக் கேட்டார்.

"கவர் ஹுக் மேடம்."

"இது?"

"பாடி ஹுக்."

"இந்த டப்பால என்ன குறை?"

நகம் ஒரு சுற்று ஓடியது. "ட்ரூப். வெல்டிங் பக்கத்துல இருக்கு. சே... காம்பவுண்ட் அதிகமா இருந்தாலும் இப்படி வரும் மேடம்."

சேறு என்று வர இருந்ததை நடுவிலேயே மடக்கியது புகழேந்திக்கு மட்டும்தான் தெரிந்தது. அவர் கண்ணை மூடித் திறந்தார். பதினோரு கேள்விக்கும் பதினோரு பதில். முதலாளியின் முகத்தில் ஒரு லட்சம் டப்பா ஓடியது. சஃபியா, "நல்லது. வரிசை ஓடட்டும், நீங்க வழக்கம்போலப் பாருங்க. நான் கொஞ்ச நேரம் நின்னு பாக்கறேன்" என்றார்.

பத்தாவது டப்பாவோ இருபதாவதோ, அம்சவல்லியின் நகம் ஓரிடத்தில் மெத்தென்று உள்ளே போனது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. நகத்தால் நெம்பினார். மூடியின் ஓரம் பழைய பாய் ஓரம் மாதிரி எழுந்து வந்தது. அடுத்த டப்பாவிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும்.

"ஃபால்ஸ் ஸீம்!" என்று கத்தினார்.

பதினைந்தடி தள்ளி மிஷினருகே நின்ற செல்லதுரை திரும்பிப் பார்த்தார். அம்சா அந்த மேடத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அதுவும் நல்ல கணீரென்று சொல்கிறாள் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"அண்ணே, ஃபால்ஸ் ஸீம்! ஃபால்ஸ் ஸீம்!"

செல்லதுரை இரண்டு கட்டைவிரலையும் உயர்த்தினார்.

டப்பாக்கள் ஓடிக்கொண்டிருந்தன. அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் புகழேந்தி. அவரும் ஓடத்தான் செய்தார். ஆனால் ஆய்வாளர் பார்க்கிறாரே என்று தான் போட்ட மஞ்சள் கோட்டுக்குள்ளேயே, வெல்டிங் மிஷினைச் சுற்றி, தகட்டு அடுக்கைச் சுற்றி ஓடினார். அம்சவல்லி எழுந்து நின்றார். ஒரு தடவை முதலாளியைப் பார்த்தார். ஒரு தடவை சஃபியாவைப் பார்த்தார். எதிர்ச்சுவர் அட்டையைப் பார்த்தார். பிறகு நடவு வயலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கேட்கிற குரலில் கூவினார்.

"அண்ணே! போட்டோ கல்யாணம்!"

'கல்யாணம்' முடிவதற்குள் செல்லதுரையின் உள்ளங்கை சிவப்புப் பட்டன்மேல் அறைந்தது. வரிசை நின்றது. வந்த அமைதியில், கோட்டுக்குள் ஓடி வந்துகொண்டிருந்த புகழேந்தியின் செருப்புச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் தனியாகக் கேட்டது.

"என்ன சொன்னீங்க?" என்றார் சஃபியா.

"ஃபால்ஸ் ஸீம் மேடம்" என்றார் அம்சவல்லி, ஸ்டூலைக் கையால் பிடித்தபடி.

"அது இல்ல. அதுக்கு அப்புறம் சொன்னது."

அம்சவல்லியின் கண் எதிர்ச்சுவர் அட்டைக்குப் போனது. சஃபியா செல்லதுரையிடம் போனார்.

"ஃபால்ஸ் ஸீம்னா என்னங்க?"

"தெரியாதுங்க மேடம்."

"அவங்க சொன்னது?"

"போட்டோ கல்யாணங்களா?" செல்லதுரையின் முதுகு நிமிர்ந்தது. "மூடியும் ஒடம்பும் கைகோக்காம சும்மா பக்கத்துல நிக்கிறதுங்க. இது வந்துச்சுன்னா மொதல்ல மிஷின நிறுத்தணும். கடைசியா அம்சா நல்லா இருக்குன்னு சொன்ன டப்பாவுலேருந்து இதுவரைக்கும் வந்தது அத்தனையும் தனியா எடுத்து வைக்கணும், ஒண்ணுகூட பேக்கிங்குக்குப் போகக் கூடாது. அப்பறம் ஒடம்போட வாய் மடிப்பு எங்கயாச்சும் அடிவாங்கி மடங்கியிருக்கான்னு வழியெல்லாம் தேடணும். பெரும்பாலும் அதாங்க காரணம்."

"தேடுங்க, பாப்போம்."

தேடினார்கள். டப்பா உடல்கள் உருண்டு இறங்குகிற சரிவுப் பாதையின் தூணில், ஒரு எலுமிச்சம்பழமும் ஏழு பச்சை மிளகாயும் கட்டுக்கம்பியில் கோத்துக் கட்டியிருந்தது. கம்பியின் நுனி சுண்டுவிரல் நீளத்துக்குப் பாதைக்குள் நீட்டிக்கொண்டு, உருண்டு போகிற ஒவ்வொரு டப்பாவின் வாயையும் ஒரு கிள்ளு கிள்ளி அனுப்பிக்கொண்டிருந்தது. வரிசை நன்றாக ஓட ஓட, நடுக்கத்தில் அது இறங்கியிருக்க வேண்டும்.

"ஏழு மணிக்கு நான் எல்லாத்தையும் செக் பண்ணினேன் மேடம். அப்ப இது இல்ல" என்றார் புகழேந்தி, மூச்சு வாங்க.

"யாரு கட்டினது?" என்றார் சஃபியா.

பதினெட்டுப் பேரும் முதலாளியைப் பார்க்காமலிருக்கப் பெரும்பாடு பட்டார்கள். முதலாளி மேற்கூரையில் ஏதோ ஒழுகல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஏழரைக்கு... திருஷ்டிக்கு..." என்று அவர் சட்டைக் காலருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

சஃபியா எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் செல்லதுரையிடம், "இந்த மாதிரி பேரெல்லாம் எங்க எழுதி வச்சிருக்கீங்க?" என்றார்.

"அம்சா நோட்டுல மேடம்."

"எந்த நோட்டு?"

புகழேந்தி பீரோவைப் பார்க்கவில்லை. அவர் அவ்வளவு கஷ்டப்பட்டுப் பார்க்காமலிருந்ததே போதுமானதாக இருந்தது. இரண்டு நிமிஷத்தில் நோட்டு செய்தித்தாளை உதறிக்கொண்டு மேசைக்கு வந்தது. சஃபியா நின்றபடியே இருபது பக்கம் புரட்டினார். தேதி, நேரம், எத்தனை டப்பா, என்ன குறை, என்ன செய்தார்கள் என்று பதினோரு வருஷமும் ஒரு நாள் விடாமல் இருந்தது. ஓரிடத்தில் அவர் உதடு லேசாகத் துடித்தது. 'திருக்கடையூர்' என்பதற்குப் புகழேந்தி விளக்கம் சொன்ன இடம் அது.

"பதினோரு வார்த்தையும் சரியாச் சொன்னீங்க" என்றார் அம்சவல்லியிடம். "ஆனா அந்த வார்த்தைக்கு மிஷின் நிக்கல. நான் இத எழுதாமப் போக முடியாது." பிறகு புகழேந்தி பக்கம் திரும்பினார். "மிஷின் எந்த வார்த்தைக்கு நிக்குதோ அத முறைப்படி பதிவு பண்ணுங்க. இந்த நோட்டுல இருக்குற ஒவ்வொரு பேருக்கும் அர்த்தம் என்ன, காரணம் என்ன, வந்தா என்ன செய்யணும், எல்லாம் வேணும். சொல்றது இவங்க, எழுதுறது நீங்க. நாலு மணிக்கு நான் கிளம்பணும். ஒரு பேருகூட விடக் கூடாது. ஒண்ணு விட்டாலும் நோட்டு செல்லாது. நோட்டு செல்லலன்னா பரிசோதகர்னு இவங்க போட்ட கையெழுத்தும் செல்லாது."

"செஞ்சிடறோம் மேடம்" என்றார் முதலாளி, கூரையிலிருந்து இறங்கி வந்து. "அம்சா, ஒண்ணு விடாமச் சொல்லிடுங்க. சொல்லிட்டா ஸ்டூல் உங்களோடதுதான். சொல்லலன்னா எனக்கு..." வேற வழியில்ல என்பதை இந்தத் தடவை அவர் முடிக்கவில்லை.

புகழேந்தி மடிக்கணினியோடு மேசைக்கு வந்தார். உட்கார இடமில்லை. அம்சவல்லி எழுந்திருக்கவும் இல்லை. செல்லதுரை ஒரு பதினைந்து கிலோ எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டார். பி.ஈ. அதில் உட்கார்ந்து தட்டச்சுச் செய்ய ஆரம்பித்தார்.

"உதடு?"

"ட்ரூப். அதான் நீயே சொல்லிக் குடுத்தியே."

"நண்டு வளை?"

"பின்ஹோல்னு போட்டுக்க. காரணம், சேறு பத்தல. சேறுன்னா..."

"காம்பவுண்ட். தெரியும்க்கா." அவர் விரல்கள் வேகமெடுத்தன. சொல்லச் சொல்ல அவருக்கே சுவாரசியம் தட்டியிருக்க வேண்டும். "இது நல்லாருக்கே" என்று இரண்டு இடத்தில் சொன்னார். 'திருக்கடையூர்' வந்தபோது, தடை செய்யப்பட்டது என்று சிவப்பு எழுத்தில் போட்டுவிட்டு, "நானும் பத்திரிகை வாங்கறப்ப ஒண்ணும் புரியாமத்தான் நின்னேன்" என்று முதல் முறையாகச் சிரித்தார். இருபத்திரண்டு பேர்கள் முடிந்தன. மணி மூன்றே முக்கால். டீ வந்தது. கண்ணாடித் தம்ளரில் ஆளுக்கு ஒன்று. புகழேந்தி தன்னுடையதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, நோட்டின் கடைசிப் பக்கங்களில் விரலை ஓட்டினார்.

"அக்கா, இன்னும் ஒண்ணே ஒண்ணுதான். இது என்ன, 'பட்டதாரி'? பதினேழு எடத்துல இருக்கு. பழைய பக்கத்துல எங்கயும் இல்ல, கடைசியிலதான் ஆரம்பிக்குது." தேதியைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். அவர் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் அது.

மிஷினுக்கு அடியில் ஏதோ போல்ட் கழன்றுவிட்டதாகச் செல்லதுரைக்கு அந்த நேரம் பார்த்துச் சந்தேகம் வந்து, படுத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். வெளிப்பூச்சு அபாரமாகப் பளபளக்கும், விரலால் சுண்டினால் கோயில் மணி மாதிரிச் சத்தம் வரும், தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினால் மட்டும் குமிழ் குமிழாக விடும், அந்த டப்பாவுக்குத்தான் அந்தப் பேர் என்பது தொழிற்சாலையில் புகழேந்தியைத் தவிர அத்தனை பேருக்கும் தெரியும். கதவருகே சஃபியா பெட்டியை மூடிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சொல்லுங்கக்கா, டைம் ஆகுது. பட்டதாரின்னா என்ன?"

அம்சவல்லி தொண்டையைச் செருமிக்கொண்டார். இன்னும் வாய் வைக்காத தன் டீயை எடுத்து, ஏடு படிந்திருந்ததை விரலால் ஒதுக்கி, தம்ளரைப் புகழேந்திக்கு முன்னால் மெள்ள நகர்த்தி வைத்தார்.